என் சட்டையில் ஒன்பது நாள்

இதில் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. ஒரு பெயர் தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டதால் பட்ட பாடே போதும். படித்துவிட்டு 'இது இன்னார்தானே' என்று கண்டுபிடிக்கிறவர்கள் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். ஜொகூரில், இந்த மாசாய் ஊரில் என்னைத் தெரிந்தவர்களே இப்போது ஐந்தாறு பேர்தான். அதில் ஒருவர் மருந்துக்கடைக்காரர்.

சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை காலை என் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. என் வாசலில் கார் நின்றால் அது பக்கத்து வீட்டு விருந்தாளியுடையதாகத்தான் இருக்கும். கேட்டை மறைக்காதே என்று இரண்டு வார்த்தை சொல்லலாம் என்றுதான் வெளியே போனேன். முக்காடு போட்ட மலாய்ப் பெண் ஒருத்தி, முப்பது வயது இருக்கும், பெரிய அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்து வந்தாள். என் முழுப் பெயரைச் சொல்லி, "அங்கிள்தானே அது?" என்று மலாயில் கேட்டாள். என் முழுப் பெயரை மருத்துவமனைக்கு வெளியே ஒருவர் சொல்லிக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

வாரநாளில் அவள் ஸ்கூடாயில் சரித்திர ஆசிரியை. வார இறுதியில் கேப்டன். நான் ஒருகாலத்தில் இருந்த அதே தொண்டர் காலாட்படையில். ஜொகூரின் இந்தப் பக்கத்துக்கென்று உள்ள படை அது. முழுநேரச் சிப்பாய்கள் கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரை தொழிற்சாலை, பள்ளிக்கூடம், நகராட்சி என்று போகிறவர்கள், சனி ஞாயிறில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போவார்கள். வருடத்துக்கு ஒருமுறை இரண்டு வார முகாம். வெள்ளம் வந்தால் அழைப்பு. அந்தப் படையின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். பழைய படங்களில் இருக்கும் முகங்களுக்குப் பெயர் சொல்ல ஆள் வேண்டும். உயிரோடு இருப்பவர்களில் நினைவு நன்றாக இருப்பது எனக்குத்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னார்களோ, அவர்கள் வாயில் சர்க்கரையைப் போட வேண்டும்.

பெட்டியோடு எழுதி முடித்த அத்தியாயங்களையும் கொண்டுவந்திருந்தாள். படித்துப் பார்த்தேன். எந்த மேஜர் எந்த மேஜரிடமிருந்து கொடியை வாங்கினார், எந்த வருடம் எந்தத் துப்பாக்கி போய் எந்தத் துப்பாக்கி வந்தது, இவ்வளவுதான் வரலாறு. ஆரம்பத்தில் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை இருந்த காலத்தில் கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணிகளும் கம்பத்துக் கிராமங்களின் வாத்தியார்களும் பாலத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் காவல் காத்தது பற்றி ஒரே ஒரு பத்தி. தகரக் கூரை போட்ட பயிற்சி மண்டபத்தில் மழை பெய்தால் கட்டளையே காதில் விழாது, முன்னால் நிற்பவன் திரும்பினால் நாமும் திரும்ப வேண்டும். அதெல்லாம் எங்கே? "இது வரலாறு இல்லம்மா, பதவி மாற்ற நோட்டீஸ்" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து, "சொல்லுங்க அங்கிள், எழுதிக்கிறேன்" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு வருவாள். நான் ஒன்பது மணிக்கே போய் முனைக்கடையில் கறிபாப் பலகாரம் நான்கு வாங்கி வைப்பேன். அவளுக்கு இரண்டு, எனக்கு இரண்டு. படத்தை மேசையில் வைப்பாள், விரலால் ஒரு முகத்தைத் தொடுவாள், நான் பெயர் சொல்வேன். மூன்றாவது வாரத்திலேயே எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. இந்த வேகத்தில் போனால் பெட்டி ஒரு மாதத்தில் காலியாகிவிடும். அப்புறம் சனிக்கிழமைக்கு என்ன செய்வது? அதனால் மறதியை வரவழைத்துக்கொண்டேன். "இந்த முகம்... தெரிஞ்ச மாதிரி இருக்கு. அடுத்த வாரம் சொல்றேன்" என்பேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போது வெட்கப்படவில்லை. என் மனைவி இறந்து நான்கு வருடம். மகள் சிங்கப்பூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "பாலத்துல ஒரே ஜாம்ப்பா, அடுத்த வாரம் பாக்கலாம்" என்பாள். அவளைக் குற்றம் சொல்லவில்லை. எல்லையைத் தாண்டும் அந்தப் பாலத்தில் நானும் மோட்டார் சைக்கிளில் எத்தனையோ வருடம் வெந்திருக்கிறேன்.

ஐந்தாவது வாரம் அந்தப் படம் வந்தது.

பெட்டியின் அடியில், தனி உறையில் வைத்திருந்தாள். "இத கடைசிக்குன்னு வெச்சிருந்தேன். முழுப் பக்கம் போடப்போறோம்" என்று சந்தோஷமாக எடுத்து வைத்தாள். மார்பளவு வெள்ளம். ஒரு சிப்பாய் சீனக் கிழவர் ஒருவரை முதுகில் சுமந்துகொண்டு நடக்கிறான். கிழவர் ஒரு கையால் அவன் கழுத்தைக் கட்டியிருக்கிறார். இன்னொரு கையில் பறவைக் கூண்டை உயரத் தூக்கிப் பிடித்திருக்கிறார். சிப்பாயின் முகத்தில் பாதியைத் தொப்பியும் மீதியைக் கிழவரின் முழங்கையும் மறைத்திருக்கின்றன. நன்றாகத் தெரிவது ஒன்றே ஒன்றுதான், சட்டைப் பைக்கு மேல் தைத்திருந்த பெயர்ப்பட்டை. அதில் என் பெயர்.

"அங்கிள் அப்ப கொஞ்சம் குண்டு போல" என்று சிரித்தாள். "பட்டன் தெறிக்கிற மாதிரி இருக்கு பாருங்க."

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

படத்தில் இருப்பது நான் இல்லை.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் நானும் அவனும் ஒரே ஷிப்ட். என்னைப் படையில் சேர்த்துவிட்டதே அவன்தான். எனக்கு அதில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. வார இறுதியில் அவனோடு இருக்கலாம், மத்தியானம் நல்ல சாப்பாடு, அவ்வளவுதான். அவனுக்கு அது உயிர். சட்டைக்குக் கஞ்சி போட்டு, கத்தி மடிப்பு வைத்துத் தேய்ப்பான். பூட்ஸைப் பஞ்சால் துடைத்துத் துடைத்து முகம் பார்ப்பான். எங்கள் பிரிவில் பத்துப் பேர், அதில் தமிழர்கள் மூன்று. கட்டளைக்கு முதலில் திரும்புவது எப்போதும் அவன்தான்.

அந்த நேரத்தில் அவன் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரம் மூன்று நாள் அழைத்துக்கொண்டு போக அவனை விட்டால் ஆள் இல்லை. இரண்டு வருடம் முகாமுக்கு வர முடியவில்லை. தொடர்ந்து இரண்டு முகாமுக்கு வராதவன் பெயரை வெட்டிவிடுவது வழக்கம். வெட்டிவிட்டார்கள். சட்டை, பூட்ஸ், தொப்பி எல்லாவற்றையும் கிடங்கில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். அம்மா போன பிறகு மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி மூன்று கடிதம் எழுதினான். பதில் வரவில்லை.

அப்போதுதான் வெள்ளம் வந்தது. வடக்கே ஆற்றங்கரை ஊர்கள் எல்லாம் தண்ணீரில். எங்கள் கார்ப்பரல் ஞாயிறு மத்தியானம் போன் செய்தார். நாளைக் காலை பள்ளிக்கூடத் திடலுக்கு வா, லாரி கிளம்புகிறது, எத்தனை நாள் என்று தெரியாது. மூன்று வாரம் முன்புதான் யாருக்கும் சொல்லாமல் அக்கரையில், சிங்கப்பூரில், வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இங்கே உள்ள முதலாளியாக இருந்தால் படையின் கடிதத்தைக் காட்டினால் விட்டுத்தான் ஆக வேண்டும். அக்கரை முதலாளிக்கு இந்தக் கரைப் படையின் கடிதம் வெறும் காகிதம். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். ஒரு நாள் மட்டம் போட்டாலும் வேலை போய்விடும்.

ஒருவனுக்காக இன்னொருவன் சத்தம் கொடுப்பது எங்கள் படையில் புதிது இல்லை. ஆள் மாற்று என்போம். ஞாயிறு அணிவகுப்பில் பெயர் வாசிப்பார்கள். "ஆடா, துவான்" என்று சத்தம் கொடுக்க வேண்டும். இருக்கிறேன் ஐயா என்று அர்த்தம். சத்தம் வந்தால் சரி, யார் வாயிலிருந்து வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்குப் போனவனுக்கும் தூங்கிப்போனவனுக்கும் பக்கத்தில் நிற்பவன் சத்தம் கொடுப்பான். ஆனால் வெள்ளத்துக்கு ஆளையே மாற்றி அனுப்பியது நான் ஒருத்தன்தான்.

யோசனை என்னுடையது. அவன் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் என் சட்டையையும் பூட்ஸையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

"நீ போ. வேற ஊரு ஆபீசரு, வேற ஊரு சார்ஜன்ட். நம்ம பிரிவுல கூட வர்றது கார்ப்பரல் மட்டும்தான், அவருகிட்ட சொல்லிட்டேன். தொப்பியப் போட்டா அவங்களுக்கு நாமெல்லாம் ஒரே மூஞ்சிதான். நெஞ்சுல உள்ள பேரத்தான் படிப்பாங்க."

சட்டையைப் பிரித்துத் தோளில் வைத்துப் பார்த்தான். "சின்னதா இருக்குலா" என்றான். ஆனால் கையை எடுக்கவில்லை.

"திரும்பி வந்ததும் நானே மேஜர்கிட்ட போறேன். வந்தது நான் இல்ல, இவன்தான், இவன் பேர மறுபடி சேருங்கன்னு சொல்றேன். வெள்ளத்துல வேல செஞ்சவன வேணாம்னு சொல்லுவாங்களா?"

"உனக்குப் பிரச்சன வராது?"

"வந்தா வருது. எனக்கு அந்தப் படையா சோறு போடுது?"

"சத்தியமா சொல்லுவியா?"

"சொல்றேன்லா."

ஒன்பது நாள் என் சட்டையில் இருந்தான். நான் அந்த ஒன்பது நாளும் அக்கரையில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆறாவது நாள் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. கீழே என் பெயர், என் ஊர். அண்டை வீட்டார் என் மனைவியிடம் வந்து கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அவளுக்கு உண்மை தெரியும். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் மறக்கவில்லை.

திரும்பி வந்த வாரம் மேஜர் என்னைக் கூப்பிட்டார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். நம்பினால் நம்புங்கள். கதவைத் திறந்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மேசையில் பத்திரிகை விரித்திருந்தது. "படைக்கே பெருமை" என்றார். அடுத்த ஞாயிறு அணிவகுப்பில் சான்றிதழ், லான்ஸ் கார்ப்பரல் பதவிப் பட்டை. என் வாய் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு வந்தேன்.

அணிவகுப்பு அன்று திடலின் கம்பிவேலிக்கு வெளியே அவன் நின்றிருந்தான். முடிந்ததும் வந்தான்.

"சொல்லிட்டியா?"

"இன்னிக்கு எப்படிச் சொல்றது? பாத்தல்ல. அடுத்த வாரம் சொல்றேன்."

அடுத்த வாரமும் கேட்டான். அதற்கடுத்த வாரமும் கேட்டான். பிறகு கேட்கவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது எங்கள் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே என் சட்டை. துவைத்து, கஞ்சி போட்டு, கத்தி மடிப்பு வைத்துத் தேய்த்திருந்தான். கொஞ்ச நாளில் மூவாருக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அங்கே அவன் மச்சான் நாற்காலி மேசை செய்யும் பட்டறை வைத்திருந்தார். பல வருடம் கழித்து அவன் மகள் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. எனக்கு அனுப்பியிருக்கிறான் பாருங்கள். நான் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? பத்திரிகையை மட்டும் தூக்கிப்போடவில்லை. பட்டறை விலாசம் அதில் இருந்தது.

இதெல்லாம் அந்தக் கேப்டனுக்கு எப்படித் தெரியும்? அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு காகிதம். பெயர் சரிதான் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற படங்களுக்கெல்லாம் யோசிக்காமல் போட்டேன். இதற்குப் பேனா நகரவில்லை.

"கண்ணாடி சரியில்ல. இத வெச்சிட்டுப் போங்க."

"ரெண்டு வாரம்தான் அங்கிள். அப்பறம் அச்சுக்குப் போயிடும்."

கார் போன பிறகு கறிபாப் ஒன்று மிச்சம் இருந்தது. தின்னப் பிடிக்கவில்லை. படத்தை டிவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் மூன்று நாள் நினைத்தேன். புத்தகம் வரும், விழா நடக்கும், மகள் லீவு போட்டு வருவாள், அப்பா என்று பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வாள். யாருக்கு நஷ்டம்? என்னைத் தவிர உண்மை தெரிந்தவர்களில் என் மனைவி போய்விட்டாள், கார்ப்பரல் போய்விட்டார். மீதி இருப்பவன் ஒருத்தன். அந்த ஒருத்தன் மூவாரில் இருக்கிறானா, இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அது மண்டையில் உறைத்ததும் எழுந்து சட்டையை மாட்டினேன்.

லார்கின் நிலையத்தில் பஸ் ஏறினேன். மூவாரில் இறங்கி, கல்யாணப் பத்திரிகையைக் காட்டி டாக்சி பிடித்தேன். ஊருக்கு வெளியே, ஆற்றுப் பக்கம் தகரக் கொட்டகை. உள்ளே இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. ரப்பர் மரத்து நாற்காலிக் கால்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கியிருந்தன. புருவம் முழுக்க மரத்தூளோடு ஒருவன் உப்புத்தாளால் ஒரு நாற்காலி முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் கூனியிருந்தான். தேய்க்கிற கை அவனுடையதுதான். பூட்ஸ் தேய்த்த கை.

என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. அந்த முதுகைத் தேய்த்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"பசியாறிட்டியா?"

"ஆச்சு."

"உக்காரு. இது பெயின்ட் அடிக்கல, ஒட்டாது."

உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் படத்தை எடுத்து நீட்டினேன். கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினான். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"இந்தப் பறவ செத்துப் போச்சு, தெரியுமா?"

"எப்ப?"

"பாதி வழியிலயே. கூண்டு ஒருதடவ தண்ணில முங்கிருச்சு. அந்தச் சீன அங்கிள் பாக்கல. நான் பாத்தேன். சொல்லல. கூண்ட நேரா புடிங்க அங்கிள், நேரா புடிங்கன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். லாரில ஏத்திவிட்ட பின்னாலதான் அவரு பாத்தாரு." படத்தை மடியில் வைத்துக்கொண்டான். "அழுதுட்டாரு."

புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் வேண்டாம் என்று சொல்வான் என்றுதான் நினைத்திருந்தேன். 'விடுலா, பழைய கத' என்று கையை ஆட்டுவான், நானும் நிம்மதியாக பஸ் ஏறலாம். மனுஷ மனம் எப்படியெல்லாம் கணக்குப் போடுகிறது பாருங்கள்.

"என் பேரு போடணும்" என்றான்.

நான் தரையில் கிடந்த மரத்தூளைக் காலால் ஒதுக்கினேன்.

"மூணு கடுதாசி எழுதினேன் அந்தப் படைக்கு. உனக்குத் தெரியும். ஒம்பது நாளு உன் பேரக் கூப்ட்டப்பல்லாம் நான் ஆடான்னு சத்தம் குடுத்தேன். மொத நாளு பழக்கமில்லாம லேட்டாயிருச்சு. செவிடான்னு கேட்டாரு அந்த ஆபீசரு. எல்லாரும் சிரிச்சாங்க. இருக்கட்டும், ஒம்பது நாளுதான, அப்பறம் நம்ம பேரக் கூப்டுவாங்கன்னு நெனச்சேன்." உப்புத்தாளை எடுத்து மடித்தான். "ஏன் வரல நீ? இத்தன வருஷம்?"

"வெக்கமா இருந்துச்சு."

"வெக்கப்பட்டது நீ. பேரு போனது எனக்கு."

அதற்கு மேல் அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மதியம் பட்டறையில் எல்லோருக்கும் வாங்கிய சோற்றுப் பொட்டலத்தில் ஒன்றை எனக்குக் கொடுத்தான். அவன் தன்னுடையதை எடுத்துக்கொண்டு வேலையாட்களோடு போய் உட்கார்ந்து சாப்பிட்டான். நான் பெயின்ட் அடிக்காத நாற்காலியில் தனியாக உட்கார்ந்து தின்றேன். கிளம்பும்போது போன் நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டான்.

அந்தச் சனிக்கிழமை கறிபாப் வாங்கவில்லை. அவள் வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். முதலிலிருந்து கடைசி வரை. நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். முதலில் சிரித்தாள், வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்து. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டாள். அவளும் அந்தப் படையின் அதிகாரிதானே. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"இத ஏன் மொத வாரமே சொல்லல, அங்கிள்?"

"சொன்னா நீங்க வர மாட்டீங்க."

அவள் என் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். ஒற்றை நாற்காலி இழுத்துப் போட்ட சாப்பாட்டு மேசை, கழுவிக் கவிழ்த்த ஒரே தட்டு. படங்களைப் பெட்டியில் அடுக்கினாள். பெயர் தெரியாது என்று நான் ஒதுக்கி வைத்திருந்த படங்களை எடுத்து, "இவங்களயும் தெரியும்ல உங்களுக்கு?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். வரிசையாகப் பதினேழு பெயர் சொன்னேன். எழுதிக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. அச்சை நிறுத்திவைத்துப் புத்தகக் குழு கூடிப் பேசியிருக்கிறது. படம் இருக்கும். அவன் பெயர் வரும். அவன் முன்பு உண்மையாகவே படையில் இருந்த வருடங்களும் பின்னால் உள்ள பட்டியலில் சேரும். என்னுடைய பெயர் படத்திலிருந்து மட்டும் அல்ல, பட்டியலிலிருந்தும் எடுக்கப்படும். ஆளை மாற்றி அனுப்பிவிட்டுப் பட்டை வாங்கியவனை எப்படிப் போடுவது? நியாயம்தான்.

"நான் பேசிப் பாத்தேன் அங்கிள்" என்றாள்.

"பரவாயில்லம்மா. உப்புத் தின்னவன் தண்ணி குடிக்கணும்" என்றேன். மலாயில் அதைச் சொல்லத் தெரியாமல் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்குப் புரிந்திருக்காது. சனிக்கிழமைகளில் பிறகு யாரும் வரவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவன் கூப்பிட்டான். அத்தனை வருடத்தில் அவன் எனக்குச் செய்த முதல் போன்.

"நீ வரணும்" என்றான். "நீ பாக்கணும்."

அன்பில் சொன்னானா, வஞ்சத்தில் சொன்னானா என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் துணிவில்லை. மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. போனேன்.

பயிற்சி மண்டபத்தில் இப்போது தகரம் இல்லை, ஏர்கோன் போட்டுக் குளிர வைத்திருக்கிறார்கள். முன்னால் பழைய ஆட்கள், அவர்கள் குடும்பம். அவன் இரண்டாவது வரிசையில் மகளோடும் பேத்தியோடும் உட்கார்ந்திருந்தான். பூப்போட்ட பாத்திக் சட்டை, அதிலும் கத்தி மடிப்பு. நான் கடைசி வரிசையில் கதவோரம். கேப்டன் மேடைப் பக்கத்தில் சீருடையில் நின்றாள். என்னைப் பார்த்தாள், தலையை லேசாக அசைத்தாள்.

பேச்செல்லாம் முடிந்த பிறகு படைத் தலைவர் எழுந்தார். பழைய வழக்கப்படி பெயர் வாசிக்கப்போவதாகச் சொன்னார். பெயரைக் கேட்டதும் சத்தம் கொடுத்துவிட்டு வந்து புத்தகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அகர வரிசையில் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலையிலிருந்து, "ஆடா, துவான்." கிழட்டுக் குரல்கள். ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்.

அவன் பெயர் வந்தது.

சத்தம் இல்லை. படைத் தலைவர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். மகள் அவன் தோளைத் தொட்டாள். எனக்குத் தெரியும், அவன் தூங்கவில்லை, அழவும் இல்லை. அந்த மண்டபத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டு அவ்வளவு காலம் ஆகியிருந்தது. பிறகு எழுந்து, குதிகால் இரண்டையும் சேர்த்து நின்று, மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி, "ஆடா, துவான்" என்றான்.

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவன் போய்ப் புத்தகத்தை வாங்கினான். திரும்பும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

அவன் பெயருக்கு இரண்டு பெயர் தள்ளித்தான் என் பெயர் வரும். பதினெட்டு வருடம் அந்த வரிசையில் நின்றவனுக்கு அது உடம்பிலேயே ஊறியிருக்கிறது. முதல் பெயர் போனது. இரண்டாவது பெயர் போனது. பட்டியலில் நான் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் முதுகு நிமிர்ந்துவிட்டது, மூச்சை இழுத்துவிட்டேன், வாய்கூடத் திறந்துவிட்டது.

படைத் தலைவர் அடுத்த பெயரை வாசித்தார். முன்வரிசையில் யாரோ ஒருவர், "ஆடா, துவான்" என்றார்.